எட்டுப் பாகைக்குத் தெற்கே

கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை ரயில் நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை 20 கலையில் இருக்கிறது. அட்சத்தில் ஒரு கலை என்பது கடலில் ஒரு மைல். ஆகவே நேர் தெற்கே 500 கடல் மைல், அதாவது 926 கிலோமீட்டர் போனால் அந்தக் கோடு வந்துவிடும். பாறசாலையிலிருந்து சென்னைக்குத் தரைவழியில் போவதைவிடச் சற்றுத்தான் அதிகம். வழியில் ஒரு தீவும் குறுக்கிடாது.

இந்தத் தொலைவு வானத்திலும் தெரியும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்வூரின் அட்சம். பக்கத்து நெய்யாற்றின்கரையில் அது எட்டுப் பாகைக்குச் சற்று மேலே நிற்கும். கையை நீட்டி நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அந்த உயரம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் இவ்வூர்களின் நடு உச்சிக்கு வருகிறது. இந்தியாவின் பிரதான நிலப்பரப்பில் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் வாழும் மக்களில் இந்த எல்லைப்புறத்தாரும் உண்டு. ஆனாலும் அந்தக் கோட்டைக் கடப்பது பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்களின் கதைகளாகவே இருக்கின்றன. மாணவர்களை ஏற்றிச் செல்லும் பாய்க்கப்பல்கள் இன்று அந்தக் கதைகளைத்தான் தொடர்கின்றன. அந்தக் கொண்டாட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் பக்கத்தில் இந்தக் கரையின் கடல் அனுபவத்தையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகை.

கொண்டாட்டத்தின் வரலாறு பிரெஞ்சு மாலுமிகளிடம் தொடங்குகிறது. 1529-ல் பார்மென்தியே சகோதரர்கள் தியெப் துறைமுகத்திலிருந்து சுமத்திராவுக்குப் புறப்பட்டார்கள். கோட்டைக் கடந்த அன்று கப்பலில் இருந்த ஐம்பது பேர் வரை ‘வீரர்’ பட்டம் பெற்றதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. அப்போது அது கண்ணியமான சடங்கு. தேவாலயத்தில் கிடைக்க வேண்டிய பட்டம் கடலில் கிடைத்தது. முரடு பிறகுதான் ஏறியது. 1768 அக்டோபரில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கோட்டைக் கடந்தபோது, முதன்முறை வருபவர்களின் பட்டியலில் நாய் பூனைகளைக்கூடச் சேர்த்திருந்தார்கள். பட்டியலில் இருப்பவர் சாராயமோ மதுவோ தண்டமாகக் கொடுக்க வேண்டும், இல்லையேல் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையிலிருந்து கயிற்றில் கட்டிக் கடலில் மூன்று முறை முக்குவார்கள். இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தனக்கும் தன் பணியாளர்களுக்கும் நாய்களுக்கும் பிராந்தி கொடுத்துத் தப்பினார். கொடுக்க இயலாத ஏழை மாலுமி முங்கி எழுந்தான். யார் யாருக்கு விலக்கு என்பதில் கப்பலின் சமூகமே தெரிகிறது.

1788-ல் பவுண்டி கப்பலில் வில்லியம் பிளை தாரைப் பூசி மழிப்பதை அனுமதித்தார், கடலில் முக்குவதை மட்டும் மனிதத்தன்மையற்றது என்று தடுத்தார். 1832 பிப்ரவரி 17 அன்று பீகிள் கோட்டைக் கடந்தபோது சார்லஸ் டார்வினுக்கு 23 வயது நிறைந்து ஐந்து நாள். கல்லூரியிலிருந்து வந்த இளைஞரான அவரும் விலக்குப் பெறவில்லை. முகத்தில் கீலும் சாயமும் பூசினார்கள், இரும்பு வளையத் துண்டால் வழித்தார்கள், தண்ணீர் நிறைத்த பாயில் தலைகீழாகத் தள்ளினார்கள். இதை அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். டார்வினை உலகம் அறிஞராக அறிவதற்கு வெகு காலம் முன்பு, கப்பலில் உள்ளவர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட நாள் அது.

1909-ல் பிரெஞ்சு மானிடவியலாளர் ஆர்னல்ட் வான் கென்னப் கடப்புச் சடங்குகளைப் பற்றி எழுதிய நூலில் மூன்று நிலைகளைச் சொன்னார்: பழைய நிலையிலிருந்து பிரிதல், வாசற்படியில் நிற்றல், புதிய நிலையில் சேர்தல். நம் பூப்பு நீராட்டும் காதுகுத்தும் இந்த வரிசையில் அடங்கும். கோடு கடக்கும் விழாவில் வாசற்படி பூமியிலேயே இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நீர் நிறம் மாறாது, அலை மாறாது. தண்ணீர்த் தொட்டியின் சுழல் வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த்திசையிலும் சுற்றும் என்று சொல்வது பொய். பூமியின் சுழற்சி அத்தனை சிறிய பாத்திரத்தை அசைக்கும் வலிமை உடையதல்ல. தெரியாத வாசலைத் தெரிய வைக்கத்தான் ஆடையும் வேடமும் தேவைப்பட்டன. முந்தின இரவு டேவி ஜோன்ஸ் என்ற தூதன் ஓலையோடு ஏறி வருவான். மறுநாள் நெப்டியூன் அரசன், அரசி ஆம்ஃபிட்ரைட்டி, நாவிதன், மருத்துவன், நீதிபதி எல்லாரும் மேல்தளத்தில் கூடுவார்கள். புதியவர்களின் குற்றங்கள் வாசிக்கப்படும், கடைசியில் சான்றிதழ் கிடைக்கும்.

இன்றைய மாணவர் கப்பல்களில் இதில் கட்டாயமும் அடி உதையும் இல்லை. 1971-ல் அமெரிக்காவில் தொடங்கிய கடல் கல்விச் சங்கத்தின் ராபர்ட் சி. சீமன்ஸ் போன்ற பாய்க்கப்பல்களில் கல்லூரி மாணவர்களே பாய் இழுக்கிறார்கள், இரவுக் காவல் நிற்கிறார்கள், வலை இறக்கி மிதவை உயிர்களை எண்ணுகிறார்கள். கோட்டைக் கடக்கும் நாளில் விரும்புகிறவர்கள் தலையை மழித்துக்கொள்வதும் உண்டு. இந்தியாவில் இதற்கு ஒப்பானவை மூன்று பாய்மரங்கள் கொண்ட கடற்படைக் கப்பல்களான தரங்கிணியும் சுதர்சினியும். இரண்டும் கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை, 54 மீட்டர் நீளமும் 20 பாய்களும் கொண்டவை, கொச்சியைத் தளமாகக் கொண்டவை. தரங்கிணி 1997 நவம்பரிலும் சுதர்சினி 2012 ஜனவரியிலும் படையில் சேர்ந்தன. தரங்கிணி 2003 ஜனவரியில் புறப்பட்டுப் பதினைந்து மாதங்களில் 33,000 கடல் மைல் கடந்து உலகைச் சுற்றி வந்தது. கடற்படையின் இலச்சினை வாசகமே வருணனை வேண்டுவது. நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக வைத்தது தொல்காப்பியம். நிறைமதி நாளில் பரதவர் கடலுக்குப் போகாமல் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலைத் தொழுத தமிழ் மரபுக்கு நெப்டியூனை இரவல் வாங்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்ப்படகு உலகைச் சுற்றப் புறப்பட்டது. அதில் இருவர் மட்டுமே: புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. ஃப்ரிமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 2025 மே 29 அன்று திரும்பினார்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கோடு அவர்களுக்கு அடியில் கடந்தது. தமிழ்க் கரையிலிருந்து ஒருவர், மலையாளக் கரையிலிருந்து ஒருவர். பாறசாலைச் சந்தையில் இரு மொழியும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடுவதைக் கேட்டு வளர்ந்த ஒரு பள்ளி மாணவிக்கு இந்த இணையைப் பற்றி ஆசிரியர் சொல்லாமல் இருக்கக் கூடாது.

தமிழர் கோட்டைக் கடந்த பழைய பயணங்களும் உண்டு. 1025-ல் இராசேந்திர சோழனின் படை தாக்கிய ஸ்ரீவிஜயத்தின் தலைநகராக அறிஞர் பெரும்பாலும் கொள்ளும் பலெம்பாங், கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகையில் இருக்கிறது. சோழமண்டலக் கரை மாலுமிகள் பயன்படுத்திய ஒரு கருவியை 1850-ல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்தார். பேராசிரியர் பா. அருணாசலம் போன்றோர் அதைப் பின்னர் ஆராய்ந்தார்கள். இராப்பலகை என்று அதற்குப் பெயர். ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறதோ அந்தத் துறையின் நேரில் கப்பல் நிற்கிறது. தெற்கே போகப் போக நட்சத்திரம் தாழும், கயிறு நீளும். குமரிக்குத் தெற்கே அது அடிவானப் புகையில் மங்கத் தொடங்கும். கோட்டில் பலகைக்கு வேலையே இல்லை. அந்த மாலுமிக்குக் கோடு கடப்பது என்றால் வழிகாட்டி மறைவது. நெப்டியூன் வேடத்தின் சிரிப்புக்கு அடியில் ஐரோப்பிய மாலுமியும் இதே அச்சத்தைத்தான் புதைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோட்டைக் கடந்த தமிழரில் பெருந்தொகையினர் மாலுமிகள் அல்லர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். மொரிசியசுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களும் இந்தக் கோட்டைத் தாண்டினார்கள். அவர்களில் யாருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் திரும்பவும் இல்லை.

இனி எல்லைக் கரைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் மாநில எல்லைக்கோடு சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. கடற்கரையில் அது பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே மணலில் இறங்குகிறது. இருபுறமும் ஒரே உறவினர், ஒரே பேச்சு, ஒரே கடல். நீரோடியிலிருந்து கிழக்கே மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. தூத்தூர் வட்டாரம் என்று கடலில் பெயர் பெற்ற இந்த ஊர்களிலிருந்துதான் இந்தியாவின் மிகத் தொலைவு போகும் மீனவர்கள் கிளம்புகிறார்கள். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுவதில் இவர்களுக்கு இணை இல்லை. படகுகள் பெரும்பாலும் கொச்சியின் தோப்பும்படியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் இறக்குகின்றன. ஒரு பயணம் வாரக்கணக்கில், சில நேரம் மாதத்தைத் தாண்டியும் நீளும்.

இவர்களின் படகுகள் நிலநடுக்கோட்டைக் கடந்தும் போகின்றன. சான்று இதுதான்: சாகோஸ் தீவுக்கூட்டக் கடலில் பிரிட்டிஷ் காவல் கப்பலும், செஷல்ஸ் கடலில் அந்நாட்டுக் காவலும் குமரி மாவட்டப் படகுகளைப் பலமுறை பிடித்திருக்கின்றன. டீகோ கார்சியா கோட்டுக்குத் தெற்கே ஏழு பாகைக்கு மேல் இருக்கிறது. தூத்தூரிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். 2010-ல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிய கடலில் மீன்பிடிப்பை முற்றாகத் தடை செய்தது. பிடிபட்டவர்களுக்கு அபராதமும் தடுப்புக்காவலும். வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி வருவதே தாமதம். தடையை மீறியது சரி என்று நான் வாதாடவில்லை. பவளப்பாறையும் சுறாவும் காக்கப்பட வேண்டியவை. ஆனால் பதினைந்து, இருபது மீட்டர் நீளப் படகில் இரண்டு அரைக்கோளங்களையும் தொட்டு வரும் திறமைக்குப் பத்திரிகையில் கிடைக்கும் ஒரே இடம் கைதுச் செய்தி என்பது நியாயமல்ல. உலகைச் சுற்றி வந்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்கு இவர்களுக்கும் உரியது.

இவர்களின் சடங்குகள் கரையில் நடக்கின்றன. புதுப் படகு பாதிரியாரின் ஆசீர்வாதம் இல்லாமல் இறங்காது. ஜூன் 29 அன்று புனித பேதுருவின் திருநாளை மீனவர்கள் தம் நாளாகக் கொள்கிறார்கள். இந்தக் கரையின் முக்குவருக்கு 1544 இறுதியில் திருமுழுக்குக் கொடுத்த பிரான்சிஸ் சவேரியாரும் கோட்டைக் கடந்துதான் வந்தார்: 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கிளம்பி, கினி கரைக்கு அப்பால் காற்றில்லாமல் கப்பல் கிடந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி, மீண்டும் வடக்கே ஏறி 1542 மே மாதம் கோவா சேர்ந்தார். காற்று செத்துக் கிடக்கும் அந்தப் பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டியது. இரு அரைக்கோளக் காற்றுகளும் அங்கே சந்தித்து மேலே எழும்புவதால் கடல்மட்டத்தில் அசைவு குறைகிறது. பாய்க்கப்பலின் காலத்தில் அங்கே தண்ணீர் தீர்ந்து செத்தவர்கள் உண்டு. விழா அந்த இடத்தில் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: வேலையில்லாமல், காற்றில்லாமல் காத்திருக்கும் மனிதர்களுக்கு மனத்தைத் திருப்ப ஏதாவது வேண்டியிருந்தது.

இந்தியப் பெருங்கடலில் இதைவிட வேறான ஒன்றும் உண்டு. ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கோட்டின் மீதே கிழக்கு நோக்கி ஒரு வேகமான நீரோட்டம் பாய்கிறது. 1973-ல் கிளவுஸ் விர்த்கி இதை விளக்கி எழுதியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் கோட்டின் மேல் பெரும்பாலும் மேற்கு நோக்கியே மேல்நீர் ஓடும். நம் கடல் மட்டும் ஆண்டுக்கு இருமுறை எதிராக ஓடுகிறது. நீரோட்டத்தைத் திசைக்கொரு பெயர் சொல்லிப் பிரித்தறியும் மீனவரிடம் ஒரு மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இங்கே நிறைய. திருவனந்தபுரக் கரையின் பழைய மீனவர்கள் கரையின் மலையையும் கோபுரத்தையும் தென்னையையும் ஒன்றோடொன்று நேராக வைத்துக் கடலடிப் பார்களை இடம் குறிக்கும் முறையைக் கணிச்சம் என்பார்கள். கருவி எதுவும் இல்லாமல் கோணம் அளக்கும் முறை அது.

இதே எல்லைப்புறத்துக்கு இன்னொரு நடுக்கோடும் உறவு. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது தொங்கவிட்ட காந்த ஊசி சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு, நிலநடுக்கோட்டோடு ஒன்றாக ஓடுவதில்லை. தென்னிந்தியாவில் வடக்கே ஏறி வளைகிறது. சுவாதித் திருநாள் 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் அமைத்தார். அதன் இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரவுன் 1855-ல் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். நெய்யாறு பிறக்கும் மலை அது. நூறாண்டுகளுக்குப் பின், காந்த நடுக்கோடு அருகில் இருப்பதால்தான் விக்ரம் சாராபாய் தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்தார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மீனவர்களிடம் பேசி இணங்க வைத்தார். மகதலேனா மரியாள் ஆலயமும் குடியிருப்புகளும் விட்டுக்கொடுக்கப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்தது. அந்தக் காந்தக் கோடு நிலையானதல்ல; அரை நூற்றாண்டில் தெற்கே நகர்ந்திருக்கிறது. ஒரு நடுக்கோட்டை ஆராய்வதற்காக ஊரைக் கொடுத்தவர்கள் மீனவர்கள். மற்றொரு நடுக்கோட்டை வயிற்றுப்பாட்டுக்காகக் கடப்பவர்களும் அவர்கள்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை அங்கே போதாது. அதற்கு அப்பால், இந்த ஊர்களின் கடலில், அந்தப் பாதுகாப்பு இல்லை. குமரி முனைக்கு அருகே சில மணி நேரத்தில் ஒக்கி வலுவடைந்தபோது தூத்தூர், பொழியூர், பூந்துறைப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து அனுப்பிய எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எட்டக்கூடிய கருவியும் படகில் இல்லை. கோட்டின் இருபுறமும் நூற்றுக்கணக்கானோர் மறைந்தார்கள், மாநிலக் கோட்டைச் சொல்கிறேன். நிவாரணம் இரு அரசுகளிடமிருந்து தனித்தனியே வந்தது. அதன் பிறகே நாவிக் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. தும்பாவில் தொடங்கிய விண்வெளித் திட்டம் மீனவரின் கைக்கு ஒரு கருவியாகத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆனது.

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். உலகின் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. கேரள, தமிழ்நாட்டுக் கல்வித் துறைகளிடம் நான் கேட்பது ஒன்றே. நெய்யாற்றின்கரை, பாறசாலை, பொழியூர், தூத்தூர்ப் பள்ளி கல்லூரி மாணவர்களில் ஒரு சிலரையேனும், பெண்களும் அதில் இருக்கும்படி, ஆண்டுதோறும் ஒரு பயிற்சிப் பாய்க்கப்பலில் ஏற்றுங்கள். விழிஞ்ஞத்திலிருந்து கோட்டைக் கடந்து திரும்ப அவர்களுக்கு இரண்டு வாரம் போதும். கடற்படை அதிகாரிகளோடு, தூத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஸ்ராங்கையும், அதாவது படகுத் தலைவரையும், ஆசிரியராக அந்தக் கப்பலில் வையுங்கள். இராப்பலகை ஒன்றைச் செய்து மாணவர் கையில் கொடுங்கள். துருவ நட்சத்திரம் இரவுக்கு இரவு தாழ்வதை அவர்களே அளக்கட்டும். கோட்டைக் கடக்கும் நாளில் வேடம் போட்டுக் கொண்டாடட்டும், பாட்டுப் பாடட்டும். அன்று மேல்தளத்தில் முதல் மரியாதையை அந்த ஸ்ராங்குக்குக் கொடுங்கள்.